தேன்மொழி ஏறிய முசிறி பஸ்

நம் சிறப்புப் பள்ளியின் உடற்பயிற்சி அறைக்குப் புதிதாக வந்திருக்கும் மூன்று பேருக்கும் வணக்கம். உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொல்லி பெரிய மேடம் போன் செய்தபோது நான் ரிட்டையர் ஆகி ஏழு மாதம் ஆகியிருந்தது. எனக்கு வேறு வேலை எதுவும் இல்லை என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

"ஒங்க சர்வீஸ்ல நல்லதா நாலு விஷயம் எழுதுங்க கோமதி" என்றார்.

"நல்லதுன்னா ஒரு பக்கத்துல முடிஞ்சிரும் மேடம். சொதப்புனதை எழுதட்டுமா?"

"அது புஸ்தகமாயிடுமே" என்றார். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

அதனால் ஒரே ஒரு பிள்ளையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எந்தத் தசைக்கு எந்தப் பயிற்சி, வாரத்துக்கு எத்தனை நாள், ஆடும் பலகையில் எத்தனை நிமிஷம் என்பதையெல்லாம் நீங்கள் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். அதில் நான் மூக்கை நுழைக்கப் போவதில்லை. அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைகளில் நிறையப் பேருக்கு உடம்பை நிதானமாக நிறுத்தத் தெரிவதில்லை. அதனால் விழுகிறார்கள். விழுந்த பயத்தில் நடப்பதைக் குறைக்கிறார்கள். நடக்காததால் இன்னும் அதிகமாக விழுகிறார்கள். நம் அறைக்கு இருக்கும் வேலை இந்தச் சுற்றை எங்காவது ஓர் இடத்தில் வெட்டுவதுதான். எங்கே வெட்டுவது என்று தெரியாமல் நான் மூன்று வாரம் வெட்டியாக நின்ற கதை இது.

அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. சென்னையில் ஒரு வாரப் பயிற்சி முடித்து ஒரு சான்றிதழும் ஒரு ஸ்டாப்வாட்ச்சும் வாங்கி வந்திருந்தேன். சான்றிதழைப் பீரோவில் வைத்துவிட்டேன். ஸ்டாப்வாட்ச்சை, சிவப்புக் கயிற்றோடு, கழுத்திலிருந்து கழற்றவே இல்லை. அதோடு புத்தூர்க் கடைத்தெருவில் கத்தரிக்காய் வாங்கியிருக்கிறேன் என்று லூர்து இன்றைக்கும் சொல்வார். லூர்து அக்கா நம் அறையின் உதவியாளர். உங்களுக்கு இப்போது அவரைத் தெரிந்திருக்கும். அவர் சொல்வதை நம்புங்கள். கத்தரிக்காய் விஷயத்தையும்தான்.

அந்தச் சமயத்தில்தான் தேன்மொழி வந்தாள். வயது பத்து. முசிறிக்குப் பக்கத்தில் வாழை போடும் குடும்பம். அம்மா பெயர் செல்வி. புதனும் சனியும் முசிறியில் பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் நம் புத்தூர்ப் பள்ளிக்கு மகளைக் கூட்டி வருவார். பிள்ளை நெற்றியில் இரண்டு தழும்பு இருந்தது. முழங்காலில் எத்தனை என்று நான் எண்ணவில்லை.

"எப்பிடி விழுவா?" என்று கேட்டேன்.

"எப்பிடி வேணாலும் விழும் மேடம். நேரா நடந்தா நடந்துரும். திடீர்னு திரும்புனா விழும். படியைப் பாத்துச்சுன்னா என் முந்தானையப் புடிச்சிக்கிட்டு நின்னுரும். அப்புறம் அசைக்க முடியாது."

நான் ஸ்டாப்வாட்ச்சைக் கையில் எடுத்தேன். முதல் சோதனை என்ன என்பது உங்களுக்கே தெரியும். "தேனு கண்ணு, எங்க, ஒத்தைக் கால்ல நில்லு பாப்போம்" என்றேன்.

பிள்ளையின் முகம் மாறிவிட்டது. இரண்டு கையையும் குறுக்கே போட்டுக் காதுகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். சரசரவென்று தோப்புக்கரணம்.

"சாரி மிஸ். இனிமே பண்ண மாட்டேன் மிஸ். சாரி மிஸ்."

நான் சிரித்துவிட்டேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சிரித்தேன். பிறகு பதிவேட்டில் எழுதினேன்: "ஒற்றைக்காலில் நிற்றல், பூஜ்யம் வினாடி. ஒத்துழைப்பு இல்லை."

அடுத்த மூன்று வாரமும் எனக்கும் அவளுக்கும் ஒரே போராட்டம். மிட்டாய் காட்டினேன். கண்ணாடி முன்னால் நிறுத்தினேன். பாட்டுப் போட்டேன். கொக்குப் படம் வரைந்து, "இந்தக் கொக்கு மாதிரி நில்லேன்" என்று கெஞ்சினேன். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கொக்குக்காகவும் சேர்த்துப் பத்து தோப்புக்கரணம் போட்டாள். "ஒத்தைக் கால்" என்ற வார்த்தை என் வாயில் பாதி வருவதற்குள் அவள் கை காதுக்குப் போய்விடும்.

சாப்பாட்டு நேரத்தில் டீச்சர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது லூர்து டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னார். "அந்தப் பொண்ணு ஒத்தைக் கால்ல நிக்க மாட்டேன்னு ஒத்தைக் கால்ல நிக்குது."

அறையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. மூன்று வாரமாக என் பதிவேட்டில் பூஜ்யத்துக்குக் கீழே பூஜ்யம்.

மூன்றாவது சனிக்கிழமை, பயிற்சி முடிந்து கிளம்பும்போது செல்வி முகமெல்லாம் பூரிப்பாக வந்தார்.

"இன்னைக்கு அம்பத்திரண்டு மேடம்!"

"என்ன அம்பத்திரண்டு?"

"தோப்புக்கரணம். மொத வாரம் இருபது போடறதுக்குள்ள மூச்சு வாங்குச்சு. இப்பப் பாருங்க, ஆடாம அசையாம போடுது. ஒங்க பயிற்சி நல்லா வேலை செய்யுது மேடம். ஊர்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்."

நான் கொடுத்துக்கொண்டிருந்த பயிற்சியே அதுதான் என்று அந்த அம்மா நினைத்திருக்கிறார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குப் பதிலாக வேறு கேள்வி வந்தது.

"செல்வி, இதை யாரு இவளுக்குச் சொல்லிக் குடுத்தா?"

"ஸ்கூல்லதான் மேடம். இங்க வர்றதுக்கு முன்னாடி மூணு வருஷம் சாதாரண ஸ்கூலுக்குத்தானே போச்சு. கேள்வி கேட்டா இதுக்குப் பதில் வராது. பதில் வரலைன்னா ஒத்தைக் கால்ல நிக்கணும். இதால நிக்க முடியாது, விழுந்துரும். மத்த புள்ளைங்க சிரிக்கும். அதனால நிக்கச் சொல்றதுக்கு முன்னாடியே இது காதைப் புடிச்சிரும். அப்ப விட்டுருவாங்க."

மூன்று வாரமாக அந்தப் பிள்ளை இந்த அறைக்கு வந்தது பயிற்சிக்கு அல்ல, தண்டனைக்கு. வாரம் இரண்டு நாள், முசிறியிலிருந்து பஸ் பிடித்து, தான் செய்யாத ஏதோ ஒரு தப்புக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறது. நான் மிட்டாயைக் காட்டிக்கொண்டே தண்டித்திருக்கிறேன். 'ஒத்துழைப்பு இல்லை' என்று நான் எழுதியது அவளைப் பற்றி அல்ல.

முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அன்றுதான் செல்வியிடம் கேட்டேன். "இவளுக்கு எது வந்தா ஒங்களுக்கு நிம்மதி?"

செல்வி யோசிக்கவே இல்லை. "பஸ்ஸு மேடம். நாந்தான் தூக்கி ஏத்தறேன், தூக்கி எறக்கறேன். வருஷா வருஷம் இது வளருது, நான் வளரலையே. பதினஞ்சு வயசானா யாரு தூக்குவா? வீட்டோட போட்டுற வேண்டியதுதான்." பிறகு சொன்னார். "இவங்கப்பா இந்த மாசத்தோட போதும்னுட்டாரு மேடம். அலைச்சல்தான் மிச்சம்ங்கறாரு. நான்தான், தோப்புக்கரணம் நல்லா வருதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

அந்த மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது.

புதன்கிழமை தேன்மொழி உள்ளே வந்ததும் ஸ்டாப்வாட்ச்சைக் கழற்றி அவள் கழுத்தில் மாட்டினேன். "இன்னைக்கு நீதான் மிஸ். நானும் லூர்து அக்காவும் புள்ளைங்க" என்றேன்.

சட்டென்று நம்பவில்லை. ஸ்டாப்வாட்ச்சைத் தொட்டுப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, "ஸ்கேல்" என்றாள். ஸ்கேல் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பழைய காலண்டர் தாளைச் சுருட்டிக் கொடுத்தேன். அதைத் தன் உள்ளங்கையில் இரண்டு தரம் தட்டிப் பார்த்துத் திருப்தியானாள்.

"கோமதி. எந்திரி. ரெண்டாம் வாய்ப்பாடு சொல்லு."

எழுந்து நின்று முழுவதும் சொன்னேன்.

"தப்பு" என்றாள் தேன்மொழி. "ஒத்தைக் கால்ல நில்லு."

நின்றேன். ஆறு ஏழு வினாடியில் என் கால் தரையைத் தேடிவிட்டது. பின்னால் லூர்து சிரித்த சத்தம் கேட்டது. மிஸ்ஸுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏய், இப்பிடி இல்லை. இப்பிடி!"

வலது காலைப் பின்னால் மடக்கி, சுருட்டிய தாளைத் தூக்கிப் பிடித்தபடி, நின்று காட்டினாள். அவசரமாகக் கழுத்தைத் தடவினேன். ஸ்டாப்வாட்ச் அவளிடம் இருந்தது. பணிக்காலத்திலேயே மிக முக்கியமான அளவை எடுக்க என்னிடம் கருவி இல்லை. லூர்து வாய்க்குள் எண்ணிவிட்டு என் காதில் சொன்னார்: "மூணு மேடம். மூணரைன்னுகூட எழுதலாம்."

மூன்று என்றே எழுதினேன். பூஜ்யத்துக்குக் கீழே மூன்று.

அதற்குப் பிறகு நம் அறை பள்ளிக்கூடம் ஆனது. மற்ற பிள்ளைகளும் முறை போட்டு மிஸ் ஆனார்கள். மிஸ் என்றால் சும்மா இல்லை. தரையில் சாக்பீஸ் கோட்டில், குதிகாலை விரலோடு ஒட்டி வைத்து, வரிசையைப் பார்வையிட்டுக்கொண்டே நடக்க வேண்டும். கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் மாணவர்களைத் தாண்டித் தாண்டிப் போக வேண்டும். பின் வரிசையில் லூர்து பேசினால் சட்டென்று திரும்பிப் பிடிக்க வேண்டும். லூர்து ஓயாமல் பேசுவார், அதனால் ஓயாமல் திரும்ப வேண்டியிருந்தது. புத்தகத்தில் இவற்றுக்கெல்லாம் பெரிய பெரிய பெயர்கள் உண்டு. தேன்மொழிக்கு அது கிளாஸ் எடுப்பது, அவ்வளவுதான். மாதக் கடைசியில் செல்வி வந்து, "இன்னும் ஒரு மாசம் பாக்கலாம்னுட்டாரு மேடம்" என்றார். வீட்டில் அப்பாவுக்கும் ரெண்டாம் வாய்ப்பாடு பரீட்சை நடந்ததாகவும் அவர் பெயில் என்றும் சொன்னார்.

அடுத்தது பஸ் படி. டேப் எடுத்துக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், நின்றிருந்த முசிறி பஸ்ஸின் முன்படியை அளந்தேன். டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, படியக் கழட்டிக்கிட்டுப் போகப் போறீங்களா?"

"அளவு மட்டுந்தான் சார்."

"எடுத்துக்குங்க. அதுக்கு முன்னாடி அந்த மூணாவது படியில ஒரு ஆணி தூக்கிட்டு நிக்குது, அதையும் ஒங்க ரிப்போர்ட்ல எழுதுங்க" என்றார். நான் ஏதோ ஆபீஸிலிருந்து வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். எழுதிக்கொண்டேன்.

அரியமங்கலத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் அதே உயரத்துக்கு மூன்று படியும், பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் செய்து வாங்கினேன். இன்றைக்கும் அறை மூலையில் நிற்கிறதே, பச்சை வண்ணம் அடித்தது, அதுதான். முதல் ஒரு வாரம் அதில் பயிற்சியே நடக்கவில்லை. ஹாரன் வேண்டும், டிக்கெட் வேண்டும், விசில் வேண்டும் என்று பிள்ளைகள் போராட்டம். ஏறிய ஒரு பையன் இறங்க மறுத்துவிட்டான், அவன் டிக்கெட் சென்னைக்காம். தேன்மொழி மட்டும் ஏறவே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழேயே நின்றாள். இரண்டு வாரம் அப்படியே விட்டேன். எனக்கு அப்போதாவது கொஞ்சம் புத்தி வந்திருந்தது. பிறகு ஒருநாள் மிஸ் மேலே நின்று கிளாஸ் எடுத்தால்தான் எல்லோருக்கும் தெரியும் என்று லூர்து பொதுவாக ஒரு குரல் விட்டார். மிஸ் ஏறினார். முதல் படியில் கால் வைக்க அரை நிமிஷம் ஆனது. மூன்று படியும் ஏறினாள். மேலே போனதும் கையை நீட்டினாள். இறக்கிவிட அம்மா வர வேண்டியிருந்தது. ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம். இறங்கும்போது பள்ளம் கண்ணுக்குத் தெரிகிறது.

இந்த இடத்தில்தான் அதிகாரி வந்தார். பள்ளியின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்கும் ஆய்வு. பெரிய மேடம் ஒரு வாரமாகத் தூங்கவில்லை. நேரம் பதினொன்று என்று சொல்லியிருந்தார்கள், வந்தது பத்தே காலுக்கு. கதவு திறந்தபோது உடற்பயிற்சி அறையில் நான், லூர்து, இரண்டு டீச்சர்கள், செல்வி என்று ஐந்து பெரியவர்கள் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தோம். எதிரே சுருட்டிய காலண்டரோடு தேன்மொழி.

அதிகாரி வாசலிலேயே நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் பெரிய மேடத்தின் முகம் தெரிந்தது. காலைக் கீழே போடு என்று அந்த முகம் சொன்னது.

இந்த ஓர் இடத்தில் நான் எடுத்த முடிவை நீங்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். காலைக் கீழே போட்டு, "வணக்கம் சார், இது ஒரு பயிற்சி முறை" என்று விளக்கம் சொல்வதுதான் மரியாதை. ஆனால் உண்மையான அதிகாரம் உள்ளே நுழைந்ததும் தன் கிளாஸ் காற்றாகப் போய்விட்டது என்று தேன்மொழி பார்த்திருப்பாள். அது விளையாட்டுத்தான், தண்டனை மட்டும்தான் நிஜம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டால் நாங்கள் பழையபடி காதைப் பிடிக்கும் இடத்துக்கே போய்விடுவோம். அங்கீகாரம் போனால் பள்ளியே போய்விடும் என்பதும் எனக்குத் தெரியும். தைரியத்தில் நான் நிற்கவில்லை. இரண்டு பயத்தில் எது பெரியது என்று முடிவு செய்வதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"சார், மன்னிக்கணும். மிஸ் சொன்னாத்தான் காலைக் கீழ போட முடியும்."

தேன்மொழி அதிகாரியை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏன் லேட்டு?"

வெளியே அவருடைய ஜீப் நிற்கிறது. அவர் பெரிய மேடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கடைசியில் குனிந்து, "பஸ் கெடைக்கலை மிஸ்" என்றார்.

"ஒத்தைக் கால்ல நில்லு."

ஃபைலைப் பெரிய மேடத்தின் கையில் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினார்.

"செவுத்தைப் புடிக்கக் கூடாது!" தேன்மொழி அவரைச் சரிசெய்யப் புறப்பட்டாள். எல்லோரும் அதிகாரியைப் பார்த்தார்கள், நான் அவள் கால்களைப் பார்த்தேன். சாக்பீஸ் கோட்டில் நேராக நடந்தாள். கோட்டில் கிடந்த இரண்டு தலையணைகளைத் தாண்டினாள். நடுவில் சட்டென்று திரும்பி, "லூர்து, பேசாத" என்றாள், மறுபடி திரும்பினாள். ஒரு இடத்திலும் தள்ளாடவில்லை.

ஆய்வு அறிக்கை ஒரு மாதம் கழித்து வந்தது. அங்கீகாரம் கிடைத்தது. உடற்பயிற்சி அறையைப் பற்றி ஒரே வரி: "பிள்ளைகளின் சமநிலை நன்று, ஊழியர்களின் சமநிலை மேம்பட வேண்டும்." பெரிய மேடம் அதை எங்கள் எல்லோர் முன்னாலும் இரண்டு முறை படித்தார்.

இப்போது பஸ். அறிக்கை வந்த அந்த மாதமே ஒரு சனிக்கிழமை மத்தியானம், பயிற்சி முடிந்ததும் நானும் அவர்களோடு சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். டவுன் பஸ்ஸில் செல்விதான் தூக்கி ஏற்றினார், தூக்கி இறக்கினார். பயிற்சிப் படியில் தானாக இறங்குவது அவளுக்கு இன்னும் வரவில்லை. முசிறி பஸ்ஸில் அவளாக ஏற வேண்டும், பின்னால் நாங்கள் ஏறுவோம் என்று பேசி வைத்திருந்தோம். என் கவலையெல்லாம் செல்வியின் கைமேல்தான். பத்து வருஷமாகத் தூக்கிய கை, அதுபாட்டுக்கு நீளும். அதனால் செல்வியின் இரண்டு கையையும் நான் பிடித்துக்கொண்டேன்.

தேன்மொழி முன்படி முன்னால் நின்றாள். கம்பியைப் பிடித்தாள். நின்றாள். பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள்.

"யாராச்சும் அந்தப் புள்ளையத் தூக்கி விடுங்கம்மா!"

"தூக்காதீங்க" என்றேன். செல்வியின் கை என் கைக்குள் துள்ளியது. இறுக்கிப் பிடித்தேன். ஆட்கள் முனகிக்கொண்டே பின்படிக்குப் போனார்கள். டிரைவர் எஞ்சினை முடுக்கினார். தேன்மொழி ஒரு காலைத் தூக்கி முதல் படியில் வைத்தாள். அடுத்த கால். இரண்டாவது படி. மூன்றாவது. மேலே போய்த் திரும்பி எங்களைப் பார்த்தாள்.

செல்வி அழுதுவிட்டார். நானும்தான். இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் குலுக்கிக்கொண்டு நிற்கும்போது பின்படியில் கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் போய்விட்டது.

இதைத் தயவுசெய்து குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை ஏறும்போது ஒரு பெரியவர் ஏற்கெனவே உள்ளே இருக்க வேண்டும். எத்தனையோ வருஷ சர்வீஸில் எனக்கு இது தோன்றவில்லை. நான் காலைப் பார்த்தேன், பஸ்ஸைப் பார்க்கவில்லை. அன்று நடந்தது வேறு மாதிரி முடிந்திருந்தால் இதை உங்களுக்கு நான் சிரித்துக்கொண்டு எழுதியிருக்க மாட்டேன்.

கத்திக்கொண்டே ஓடினோம். பஸ் ஸ்டாண்டு சத்தத்தில் யாருக்குக் கேட்கும். ஒரு ஆட்டோவில் ஏறி விழுந்தோம்.

"அந்த முசிறி பஸ்ஸைப் புடிங்க!"

"அதை ஏங்க தொரத்தணும்? அடுத்தது பத்து நிமிஷத்துல வரும்" என்றார் ஆட்டோக்காரர்.

"பாப்பா உள்ள இருக்குங்க!"

"ஐயையோ" என்றவர், வண்டியை முறுக்கினார். பாலத்துக்கு முந்தைய சிக்னலில் பஸ் தாண்டிவிட்டது, எங்களுக்குச் சிவப்பு விழுந்தது. செல்வி முந்தானையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்கதானே மேடம் கையப் புடிச்சீங்க."

"ஆமா செல்வி."

"விடவே இல்லையே மேடம்."

"ஆமா." குனிந்து பார்த்தேன். அப்போதும் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். விட்டேன்.

காவிரிப் பாலத்தின் நீளம் அன்றுதான் தெரிந்தது. பாலம் இறங்கி மாம்பழச் சாலை வந்தபோது முசிறி பஸ் ஓரமாக நிற்பது தெரிந்தது. பக்கத்தில் கண்டக்டர். அவருக்குப் பக்கத்தில், தரையில், தன் இரண்டு காலில் தேன்மொழி.

ஆட்டோ நிற்கும் முன்பே செல்வி குதித்து ஓடிப் பிள்ளையைக் கட்டிக்கொண்டார். கண்டக்டர் எங்கள்மேல் பாய்ந்தார்.

"என்னம்மா நீங்கள்லாம்! டிக்கெட் கேக்கறேன், பாப்பா 'அம்மா கீழ நிக்கறா'ங்குது. சத்திரத்துக்கு போன் போட்டுச் சொல்லலாம்னு வண்டிய ஓரங்கட்டுனா, நானும் எறங்கறேன்னு கூடவே வருது. தூக்கி விடறேன்னேன். கையத் தட்டி விட்டுருச்சு. அதுவா எறங்கிருச்சு!"

நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், நன்றி சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் வந்தது வேறு.

"அதுவாவா? எந்தக் காலை மொதல்ல வெச்சா?"

"என்னது?"

"எறங்கும்போது. மொதல்ல எந்தக் கால்? கம்பியைப் புடிச்சாளா? கீழ பாத்தாளா?"

"ஏம்மா, அதையா பாத்துக்கிட்டு இருப்பாங்க?"

ஜன்னலோரம் இருந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "வலது காலுங்க. நான் பாத்தேன். கம்பியப் புடிச்சிக்கிட்டுத்தான் எறங்குச்சு" என்றார்.

"இல்லைங்க, இடது" என்றார் அவருக்குப் பின்னால் இருந்த பெரியவர். "சும்மா சொல்லாதீங்கம்மா. மூணாவது படியில நின்னு யோசிச்சு, இடது காலத்தான் வெச்சுச்சு."

"நீங்க அந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு எப்பிடிப் பாத்தீங்க?"

டிரைவரும் சேர்ந்துகொண்டார். முதல் படியில் வலது, இரண்டாவது படியில் இடது, கண்ணாடியில் பார்த்தேன் என்றார். கண்ணாடியில் பார்த்தால் எல்லாம் மாறித்தான் தெரியும் என்று பின்சீட்டில் ஒருவர் சொன்னார். ஆட்டோக்காரரும் வந்து நின்றுகொண்டு, எந்தக் காலாக இருந்தால் என்ன என்று கேட்டு எல்லோரிடமும் திட்டு வாங்கினார். செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு வலது காலின் பக்கம் நின்று வாதாடினார். அவரும் பார்க்கவில்லை. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

"சரி சரி, நேரமாச்சு, ஏறுங்க" என்று கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். செல்வி மகளைத் தேடிக் கையை நீட்டினார். பக்கத்தில் பிள்ளை இல்லை.

"அம்மா!"

எல்லோரும் திரும்பினோம். நாங்கள் அவள் இறங்கியதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது தேன்மொழி ஏறிவிட்டிருந்தாள். எப்போது ஏறினாள், எந்தக் காலை வைத்தாள், ஒருவரும் பார்க்கவில்லை. முன்படியின் மேலே, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையைக் கீழே நீட்டியபடி நின்றாள்.

"கையக் குடும்மா. ஏறு."

செல்வி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.